உயர வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் பெண்



நீளமான பதிவுதான். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். பையன்களை மட்டும் பெற்றவர்களும் படியுங்கள், நாளைக்கு மருமகள் வரப்போகிறாள் அல்லவா.

பதினைந்து, பதினாறு வயதாகியும் ஒரு பெண் பெரியவளாகவில்லை என்றால் நம் பக்கத்தில் முதலில் ஜாதகக் கட்டைத்தான் பிரிக்கிறார்கள். பிறகு வேண்டுதல். பிறகு உளுந்தங்களி, எள்ளுருண்டை, நாட்டுக்கோழி முட்டை. எல்லாம் செய்து பார்த்துவிட்டு, "அவங்க அத்தையும் லேட்டாத்தான் ஆனாங்க" என்று ஒரு சமாதானம். இதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிடும். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோயிலுக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். பிரதோஷம் தவறாமல் திருமாகறலீஸ்வரர் சந்நிதியில் நிற்கிறவள்தான் நானும். சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே காஞ்சிபுரம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கும் போய் வாருங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

தாமதம் எல்லாமே நோய் இல்லை. சிலருக்கு அது குடும்பவாகு. சிலருக்குச் சத்துக்குறைவு. ஆனால் சில பெண்களுக்குக் காரணம் குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு டர்னர் சிண்ட்ரோம் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் வர வேண்டும். மார்க்குக்குப் படித்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்திருப்பீர்கள். பரவாயில்லை, மறுபடி ஒருமுறை பாடம் நடத்துகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த ஒரு பள்ளிக்கூட டீச்சர். வைத்தியம் சொல்வது என் வேலை இல்லை. எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொல்வது ஆசிரியர் வேலைதான்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி. இந்த 46 என்ற எண்ணிக்கையே 1956இல்தான் உறுதியானது. அதில் 22 ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி ஜோடி பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். டர்னர் நிலையில் பிறக்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு எக்ஸில் ஒன்று இருக்காது, அல்லது பாதி உடைந்து இருக்கும். மொத்தம் 45. சிலருக்கு உடம்பின் சில செல்களில் 46, சில செல்களில் 45 என்று கலந்தும் இருக்கும். அப்படிக் கலந்திருப்பவர்களில் பலருக்கு அடையாளம் லேசாகத்தான் தெரியும்.

1938இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஹென்றி டர்னர் என்ற மருத்துவர், உயரம் குறைந்த, பருவம் எய்தாத ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். அதனால் அவர் பெயர். அதற்கு எட்டு வருஷம் முன்பே ஜெர்மனியில் ஓட்டோ உல்ரிச் என்பவர் இப்படி ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருந்தார். காரணம் எக்ஸ் குரோமோசோம்தான் என்று 1959இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஃபோர்டும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள்.

உயிரோடு பிறக்கும் பெண் குழந்தைகளில் 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவர் இப்படி. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு எட்டு லட்சம் குழந்தைகள் பிறப்பதாகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெண் குழந்தைகள். வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 150 பேருக்குக் குறையாது. அப்படியானால் நாம் எல்லோருமே வாழ்க்கையில் இப்படி ஒரு பெண்ணையாவது பார்த்திருப்போம். பெயர் தெரியாமல் பார்த்திருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒற்றை எக்ஸோடு உருவாகும் கருக்களில் நூற்றுக்கு 99 வயிற்றிலேயே கலைந்துவிடுகின்றன. பிறந்து, வளர்ந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிற அந்தப் பெண், நூற்றில் ஒன்றாகத் தப்பிப் பிழைத்து வந்தவள். அவளைப் பார்த்து "குட்டை", "கத்தரிக்கா" என்று பட்டப்பெயர் வைக்கிறோம்.

யார் மேல் தப்பு? இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. மாமியார் மருமகளைப் பார்ப்பார். கிரகணத்தில் வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டுவது சகஜம் என்பதால் "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். சொந்தத்தில் கட்டினால் வரக்கூடிய வேறு நோய்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இது அந்தக் கணக்கில் வராது. முட்டையோ விந்தோ உருவாகும்போது, அல்லது கரு முதன்முதலாகப் பிரியும்போது, ஒரு குரோமோசோம் தவறிப்போகிறது. தற்செயல். தாய்க்கு வயது கூடியதாலும் வருவதில்லை. ஒற்றை எக்ஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு மிச்சமிருப்பது அம்மாவிடமிருந்து வந்த எக்ஸ் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக இனி மருமகனைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள்! அவரும் எதுவும் செய்யவில்லை.

பட்டுத்தறி வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவில் ஆயிரக்கணக்கான இழை ஓடுகிறது. ஒன்று அறுந்தால் சேலையைத் தூக்கியா எறிகிறீர்கள்? இழையைப் பிணைத்துவிட்டு மேலே நெய்கிறீர்கள். குரோமோசோமை அப்படிப் பிணைக்க முடியாது, அதனால் இந்த உவமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். ஆனால் இழை எங்கே விட்டிருக்கிறது என்று சீக்கிரம் பார்த்துவிட்டால் மற்றதைக் காப்பாற்றலாம் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சில குழந்தைகளுக்குப் பிறந்த உடனே புறங்கையும் புறங்காலும் வீங்கியிருக்கும். கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் மடிப்பாக அகன்றிருக்கலாம், பின்கழுத்தில் முடி கீழே வரை இறங்கியிருக்கலாம், முழங்கை வெளிப்பக்கமாக வளைந்திருக்கலாம். அடிக்கடி காதில் சீழ் வரும். ஆனால் நிறையப் பேருக்கு இந்த அடையாளம் ஒன்றுமே கண்ணில் படாது. உயரம் மட்டும்தான் குறைவாக இருக்கும்.

இங்கேதான் பள்ளிக்கூடம் வருகிறது. காலை வழிபாட்டில் உயர வரிசைப்படி நிற்க வைக்கிறோம். ஒன்றாம் வகுப்பில் வரிசையில் முதலில் நின்ற பெண், நாலாம் வகுப்பிலும் முதலில் நிற்கிறாள், எட்டாம் வகுப்பிலும் முதலில் நிற்கிறாள். அதுமட்டும் இல்லை, அவளுக்கும் அடுத்து நிற்பவளுக்கும் உள்ள இடைவெளி வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. இதைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டாம், கண் போதும். நாலு வயதுக்கு மேல், பருவம் வரும் வரை, ஆரோக்கியமான பிள்ளை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். தொடர்ந்து 4 சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். வீட்டுச் சுவரில் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பென்சிலால் கோடு போடுங்கள். பெயிண்ட் கெட்டுப்போகும் என்று பயந்தால் கதவுக்குப் பின்னால் போடுங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. பிறந்ததிலிருந்து 18 வயது வரைக்குமான குழந்தைகளுக்கு. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வர வேண்டும். வருகிறார்கள். ஆனால் ஒரே நாளில் முந்நூறு பிள்ளையைப் பார்த்து முடிக்கும் அவசரத்தில் உயரத்தை எழுதுவார்கள், போன வருஷ உயரத்தோடு ஒப்பிட நேரம் இருக்காது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு எண்ணைக் கழித்துப் பார்க்கும் வேலையை வகுப்பாசிரியர் செய்துவிடலாம். இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவிகளே, இதை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

படிப்பு விஷயம். இந்தப் பெண்களுக்குப் புத்தி மந்தம் என்று ஒரு பேச்சு உண்டு. பொய். பெரும்பாலோருக்கு அறிவு எல்லோரையும் போலத்தான். வாசிப்பில், பேச்சில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர். கணக்கு, வரைபடம், வடிவியல், கடிகாரம் பார்ப்பது போன்றவற்றில் சிலருக்குத் தடுமாற்றம் இருக்கும். "தமிழில் தொண்ணூறு வாங்குகிறாள், கணக்கில் நாற்பது, சோம்பேறி" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடம். வயதுக்கு வராததுதான் பிரச்சினை என்று ஊர் நினைக்கிறது. எனக்குப் பயம் இதயத்தைப் பற்றி. டர்னர் உள்ள பெண்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். சிலருக்கு மகாதமனியே ஓரிடத்தில் குறுகியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடுவாள், ஆடுவாள். பிறகு ஒருநாள் ரத்தக்குழாய் கிழிந்தால் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் கண்டுபிடித்தவுடன் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள், அறிகுறி இல்லாவிட்டாலும். சிறுநீரகம் குதிரை லாட வடிவில் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேன், தைராய்டு, காது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். இதெல்லாம் ஜாதகத்தில் தெரியாது.

உயரத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி இருக்கிறது. தினமும் போட வேண்டும், பல வருஷம் போட வேண்டும், விலை அதிகம். சீக்கிரம், நாலைந்து வயதிலேயே, தொடங்கினால் பலன் கூடுதல். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் நாலு அடி எட்டு அங்குலம் அல்லது அதற்கும் கீழே நின்றுவிடும். "அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது, அதற்குத் தெரியாமலே இருக்கலாம்" என்று ஒரு உறவினர் என்னிடம் சொன்னார். ஊசி போட முடியாத குடும்பத்துக்கும் எக்கோ எடுக்க முடியும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அந்த ஊசியைப் போல விலை இல்லை. 11, 12 வயதில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி இரண்டு மூன்று வருஷத்தில் மெல்லக் கூட்டிக்கொண்டு போவார்கள். மார்பு வளரும், கர்ப்பப்பை வளரும், பிறகு இன்னொரு மாத்திரையும் சேர்த்தால் மாதவிலக்கும் வரும். எலும்புக்கு அது மிக அவசியம். அந்த ஹார்மோன் இல்லாமல் விட்டால் முப்பது வயதிலேயே எலும்பு பாட்டிகளுடைய எலும்பு மாதிரி ஆகிவிடும்.

ஆகவே 13 வயது முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, அல்லது 15 முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். உயரம் குறைவு என்றால் அதற்கும் முன்பே.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் (ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம்) பெண் பெரியவளாகாமலே மஞ்சள் நீராட்டு விழா நடத்தினார்கள். மாமன் சீர், மேளம், மூலைக்கு மூலை ஃப்ளெக்ஸ் பேனர். ஊர் வாயை அடைக்க. அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கினாள். நடந்தது என்ன என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். விழாவுக்குச் செலவான பணத்தில் எல்லாப் பரிசோதனையும் முடித்திருக்கலாம் என்பது ஒரு பக்கம். அதைவிட, தன் உடம்பைப் பற்றி ஒரு பொய்யை ஊருக்கே சேர்ந்து சொல்ல அவளைக் கற்றுக்கொடுத்தோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்த விழாக்களே வேண்டாம் என்று நான் சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் என்னோடு பேச மாட்டார்கள். சரி, விழா வைத்துக்கொள்ளுங்கள். "உன் பொண்ணுக்கு எப்போ?" என்று மற்றவர் வீட்டில் போய்க் கேட்பதையாவது நிறுத்துங்கள்.

குரோமோசோமை வைத்து ஒரு பெண்ணை ஊரே அவமானப்படுத்திய கதை நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். சில நாளிலேயே பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவருக்கு என்ன ஏது என்று விளங்குவதற்கு முன்னால் டி.வி.யில் செய்தி ஓடியது. சாந்திக்கு இருந்ததாகச் செய்திகளில் வந்தது டர்னர் இல்லை, ஆண்ட்ரோஜன் ஹார்மோனுக்கு உடம்பு பதில் தராத வேறொரு நிலை. அது அவர் செய்த குற்றமா? பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாக ஓடினார். அப்போதைய முதல்வர் கலைஞர் அறிவித்தபடி 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தார், அதை மறக்கக் கூடாது. அந்தப் பணத்தில் சாந்தி பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஆனால் ஊர்ப் பேச்சு அவரை உயிரை விடத் துணியும் அளவுக்குத் தள்ளியது. பிறகு செங்கல் சூளையில் தினக்கூலிக்கும் போனார். அதிலிருந்து மீண்டு, பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் முடித்து, அரசின் தடகளப் பயிற்சியாளராகவும் ஆனார். ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் இதே போன்ற சிக்கலில் மாட்டியபோது சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015இல் ஜெயித்தார். துணைக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். சாந்திக்கு 2006இல் யாரும் இல்லை.

இந்தச் சோதனைகளின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1968லிருந்து ஒலிம்பிக்கில் பெண் வீராங்கனைகளின் கன்னத்து உள்தோலைச் சுரண்டிப் பார்த்தார்கள். பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸில் ஒன்று சுருண்டு ஒரு புள்ளியாகத் தெரியும், 1949இல் கனடாவின் மர்ரே பார் கண்டுபிடித்தது. புள்ளி இருந்தால் பெண், இல்லாவிட்டால் இல்லை. டர்னர் உள்ள பெண்ணுக்கு இருப்பதே ஒரு எக்ஸ், புள்ளிக்கு எங்கே போவாள்? எந்த விதத்திலும் ஆண் அல்லாத, உடல் பலத்தில் எந்தச் சலுகையும் இல்லாத அவள் அந்தச் சோதனையில் "பெண் இல்லை" ஆகிவிடுவாள்! இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ள ஆண் தேறிவிடுவான். அந்தப் புள்ளிச் சோதனை 1990கள் வரை ஓடியது. படித்த மேதைகளே இப்படி என்றால் நம் ஊர்த் திண்ணையை என்ன சொல்ல?

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, "மணமகள்" என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தது. பால் அடையாளம் தெளிவாக இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அவசரப்பட்டு அறுவை சிகிச்சை செய்வதையும் அதே தீர்ப்பு தடுத்தது. அதே ஆகஸ்டில் தமிழக அரசும் ஆணை போட்டது. டர்னர் உள்ள பெண்ணுக்கு இந்தத் தீர்ப்பு தேவைப்படாது, அவள் பெண் என்பதில் எந்தச் சட்டத்துக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் நமக்குத்தான்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். மறைத்துக் கட்டிக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கும் முன்னால் முதலில் தெரிய வேண்டியவள் அவள்தான். பத்து வயதில் பத்து வயதுக்குப் புரிகிற மாதிரி, பதினைந்தில் இன்னும் கொஞ்சம் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா, எப்போது சொல்வது, கல்யாணமே வேண்டுமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். தானாகக் கர்ப்பம் தரிப்பவர்கள் மிகச் சிலர். தானமாகப் பெற்ற கருமுட்டையால் குழந்தை பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் மகாதமனி கிழியும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். நெடுஞ்சாலை முழுக்கக் குழந்தைப்பேறு மையங்களின் விளம்பரப் பலகை நிற்கிறது. அதில் நுழைவதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்தாக வேண்டும், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தத்து எடுத்து வளர்ப்பது எந்த விதத்திலும் குறைவில்லை.

பரிசோதனைக்குப் பெயர் கேரியோடைப். கையில் சிறிது ரத்தம் எடுப்பார்கள், செல்களை வளர்த்து எண்ண வேண்டியிருப்பதால் முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது பள்ளியில் உயரம், எடை குறித்த பழைய அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால் போட்ட கோடுகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா இருவரின் உயரத்தையும் கேட்பார்கள், அளந்து குறித்துக்கொண்டு போனால் நல்லது.